மாத்திரை இல்லா வைத்தியம்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
2.7.2006

அன்பு மகள் கவிநிலாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மா படித்துவிட்டு, மறுபடி என்னையும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். நாங்கள் இருவரும் சௌக்கியமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது அம்மாவின் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுவே.

இங்கே மழை இல்லை. அடுத்த வாரம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடுவதால் கலெக்டர் ஆபீசில் எங்கள் பிரிவிலும் இரண்டு பேருக்கு டூட்டி போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற ஏழு மாதமே இருக்கிறது என்று என்னை விட்டுவிட்டார்கள். என் நாற்காலியில் அடுத்து யார் உட்காருவது என்ற பேச்சுகூட ஆரம்பித்துவிட்டது. நான்தான் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் சர்க்கரை நோய்ப் பெண்கள் கூட்டத்தின் வருகை நோட்டை அனுப்பச் சொல்லியிருந்தாய். அதில் ஒரு சங்கடம். கறையான் அரித்துவிட்டது. அட்டையும் முதல் பக்கமும் போய்விட்டன. பெயர்களையெல்லாம் ஒரு புது நோட்டில் அழகாக எடுத்து எழுதி அனுப்புகிறேன். கணக்கு மாறாது, கவலைப்படாதே.

பெண்கள் ஏன் வந்தார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். நான் என்ன நினைப்பது? நீ எழுதியதே சரி. யாரும் கட்டாயப்படுத்தாமல், கையில் எதுவும் கொடுக்காமல், சித்ரா பௌர்ணமி அன்றுகூடப் பதினெட்டுப் பேர் நம் மொட்டை மாடிக் கொட்டகைக்கு ஏறி வந்தார்கள் என்றால், தன் கதையைத் தன் கையால் வண்ணத்தில் சொல்லிப் பார்க்கும் ஆசைதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாக இருந்தது. அந்தப் பக்கத்தை உங்கள் பேராசிரியை பாராட்டினார் என்றதும் அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பால்காரி காசியம்மாளின் பாதப் படத்தை உன் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதை அவளிடம் சொல்லச் சொன்னாய். சொன்னேன். சந்தோஷப்பட்டாள். காலில் சின்னப் புண், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரமாக மருமகள் தனம் பால் கொண்டுவருகிறாள். பால் முன்னைவிடக் கொஞ்சம் தண்ணீர்தான்.

ஆபீசில் சகாதேவன் மகன் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் போய்விட்டானாம். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். உன்னைப் பற்றியும் விசாரித்தார்.

அறிக்கை கொடுக்கக் கடைசித் தேதி எது என்று அடுத்த முறை போனில் சொல்.

உன் நலம் நாடும் அப்பா,
இ. பலராமன்


வேங்கிக்கால்,
20.8.2006

கவிநிலாவுக்கு,

அப்பா எழுதுவது. சௌக்கியம் என்று தொடங்கக் கை வரவில்லை. பயப்படாதே, எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதை வகுப்புக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை போனில் நீ காசியம்மாளைப் பற்றிக் கேட்டபோது லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நோட்டைக் கறையானும் அரிக்கவில்லை. அது பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அட்டையைப் பார். என் கையெழுத்துத்தான், கலெக்டர் ஆபீசில் எல்லோரும் மெச்சும் அதே கையெழுத்து. 'சர்க்கரை நோய் சிறப்பு முகாம். லண்டன் டாக்டர் ப. கவிநிலா' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். எட்டு சனிக்கிழமையும் உன் கண்ணில் படாமல் மடித்துப் பிடித்தே வைத்திருந்தேன்.

முப்பத்து நான்கு வருடம் ஆபீசில் குறிப்பு எழுதியவன் நான். ஒரு தப்பு நடந்தால் அதை யார் செய்தது என்று யாருக்கும் தெரியாதபடி எழுதுவது எங்களுக்கு அத்துப்படி. இந்தக் கடிதத்தையும் முதலில் 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்றுதான் ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டேன். தானாக எதுவும் நேரவில்லை. நான் செய்தேன்.

நீ உதவித்தொகை கிடைத்து வெளிநாடு புறப்படும் முன், என்ன படிக்கப் போகிறாய் என்று மூன்று தடவை எனக்கு விளக்கினாய். படம், பாட்டு, கதை இவற்றை வைத்துக்கொண்டு நோயாளிகளோடு உட்காருவது; நோயைத் தீர்ப்பது டாக்டர் வேலை, நோயோடு வாழும் நாளைக் கொஞ்சம் இலகுவாக்குவது எங்கள் வேலை என்றாய். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் செங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சகாதேவன், பொண்ணு என்ன படிக்குது என்று கேட்டபோது, இதையெல்லாம் சாம்பார் வாளி வந்து நிற்கும் நேரத்தில் எப்படிச் சொல்வது? ஹெல்த் சம்பந்தமான மேல்படிப்பு என்றேன். அப்போ டாக்டருக்கா, என் பையனுக்கு முன்னாடியே ஆயிடுமே என்றார். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுநாள் ஆபீசுக்குப் போனால், எல்லோரும் டாக்டர் அப்பா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, கவி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

ஏப்ரலில் நீ வந்தாய். படிப்பில் நேரில் செய்து பார்க்கும் இந்தப் பகுதிக்கு மட்டும் பாடம் நடத்த யாரும் கிடையாது, என்ன செய்வது, யாரோடு செய்வது என்று மாணவியே தீர்மானிக்க வேண்டும், நல்லதோ கெட்டதோ அவளே பதில் சொல்ல வேண்டும் என்றாய். சர்க்கரை நோய் உள்ள பெண்களைத் தேர்ந்தெடுத்தாய். யாருமே வராவிட்டால் என்னப்பா செய்வது என்று சார்ட் தாள்களை உருட்டிக்கொண்டே நீ கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் நான் நம் தெரு, பின் தெரு, காசியம்மாளின் ஊர் என்று சைக்கிளில் ஒரு சுற்று போனேன். லண்டன் டாக்டரு, என் பொண்ணுதான், மாத்திரையே இல்லாத வைத்தியம், காசு கிடையாது என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். நீ இருப்பது லண்டன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் இருபத்திரண்டு பேர். மாடிப்படி கொள்ளவில்லை. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். கெடுக்க மனம் வராதது என் சந்தோஷத்தை.

நீ முதல் நாளே தெளிவாகச் சொன்னாய். நான் டாக்டர் இல்லீங்க, மாத்திரை ஊசி எதையும் நிறுத்தாதீங்க, அது வேற இது வேற என்றாய். இதற்கு நானே சாட்சி, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் கூட்டம் முடிந்து கீழே செருப்பு மாட்டும்போது காசியம்மாள் என்னிடம், இன்னா கிளார்க்கையா, பாப்பா டாக்டர் இல்லேன்னுதே என்று கேட்டார். பெரிய டாக்டருங்க அப்படித்தான் தன்னடக்கமா பேசுவாங்க என்று சொன்னேன். சுற்றி நின்ற எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் நீ டாக்டர் இல்லை டாக்டர் இல்லை என்று சொல்லச் சொல்ல, உன் மேல் அவர்களுக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போனது. அவர்கள் சிரித்துக்கொண்டே தலையசைத்ததை நீ ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாய்.

தாளின் மேல் காலை வைக்கச் சொல்லி, இன்னொருவர் சுற்றிக் கோடு போட, அந்தக் கால் நடந்து போன இடங்களை எல்லாம் அவர்களே உள்ளே வரையச் சொன்னாய். எவ்வளவு அழகான யோசனை! அவர்களுக்கு அது என்னவாகப் பட்டது தெரியுமா? உள்ளங்கால் வழியாகச் சர்க்கரை தாளில் இறங்குகிறது என்று நினைத்தார்கள். அதனால்தான் ஒரு வாரம் வலது கால் வைத்தால் அடுத்த வாரம் இடது கால் என்று அடம் பிடித்தார்கள். ஒருத்தர் தாளை இன்னொருத்தர் மிதிக்கவில்லை. வண்ணத்தின் மேல் உள்ள பயபக்தி என்று நீ உன் குறிப்பில் எழுதியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து பெயர்களை டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப் போவதுதான் கஷ்டமான இடம்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் காசியம்மாள் பால் ஊற்றிவிட்டு நின்றார். பாப்பா வைத்தியமும் நடக்குது, ஆஸ்பத்திரி மாத்திரையும் துண்றேன், ரெண்டும் சேந்தா ஜாஸ்தி ஆயிடாதா, அதை நிறுத்திடட்டுமான்னு பாப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க என்றார். நீ உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்தாய். பத்தடி தூரம் இருக்காது. கேட்டால், என்ன வைத்தியம்ப்பா என்று நீ திருப்பிக் கேட்பாய். நான் உள்ளே வந்து பால் பாத்திரத்தை அடுப்படியில் வைத்துவிட்டு உன்னைத் தாண்டி வாசலுக்குத் திரும்பினேன். கேட்டீங்களா என்றார். தலையாட்டினேன். நிறுத்திடலாமா என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அவ்வளவுதான். அன்றோடு அவர் மாத்திரையை விட்டுவிட்டார்.

சித்ரா பௌர்ணமி அன்று காலையில் நம் மாடிக்கு வந்து காலை வைத்துவிட்டு, மாலைப் பால் கறவைக்குள் திரும்ப வேண்டும் என்று நடுப்பகலிலேயே கிரிவலம் கிளம்பியிருக்கிறார். வெறுங்கால். மே மாதத் தார் ரோடு. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். கொப்புளம் உடைந்து புண்ணாகி, அவர் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு பால் ஊற்றி வந்தார். நீ ஊருக்குப் புறப்பட்ட அன்று பால்கோவா கொண்டுவந்தபோது நொண்டினார். நீ கேட்டாய். முள்ளு குத்திச்சு பாப்பா என்றார்.

ஜூலைக் கடைசியில் கால் வீங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டது. தனம் ஓடிவந்தாள், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் சாத்துக்குடிப் பையோடு நின்றிருந்தேன். காசியம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார். நானாத்தான் மறந்து பூட்டேன் என்றார். உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். அத்தனை திட்டையும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார், உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. நீ சொல்லித்தான் நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார் அல்லவா? அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தலைகூட ஆட்டவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி இடது கால் கட்டைவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா சொல்லவே இல்லியா என்றார். இல்லை என்றேன். அதுக்குத் தெரியவே தெரியாதா என்றார். தெரியாது என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வாயால காட்டிக் குடுக்கல, ஆனா மனசுக்குள்ள தினமும் அந்தப் பொண்ணைத் திட்டித் தீத்துட்டேனே என்று அழுதார். காலுக்காக அழவில்லை, கவி. பிறகு என்னைப் பார்த்து, எழுந்து போ என்றார். கிளார்க்கையா என்று சொல்லவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக.

மறுநாளிலிருந்து பால் வரவில்லை. மாடு வற்றிவிட்டது போலிருக்கிறது என்று அம்மா பாக்கெட் பால் வாங்கினாள். முந்தாநாள் அவளிடமும் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. தட்டு வைக்கிறாள், சாப்பிட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். சகாதேவனிடமும் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல், உட்காருங்க பலராமன் என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அதே சைக்கிளில், அதே வீடுகளுக்கு மறுபடி ஒரு சுற்று போய் வந்தேன். என் பொண்ணு டாக்டர் இல்லை, நான்தான் பொய் சொன்னேன், மாத்திரையை விடாதீங்க என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். இன்னும் இரண்டு பேர் நிறுத்தியிருந்தார்கள். கூடவே போய் ரத்தம் பார்க்க வைத்தேன், தப்பித்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பின் தெரு வெள்ளையம்மாள் மட்டும், டாக்டர் இல்லேன்னா இன்னா, படம் போடற கிளாஸ் மறுபடி எப்போ என்று கேட்டாள். உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை. நடந்தது, எழுதுகிறேன்.

அறிக்கை செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி என்றாய். இதையெல்லாம் அதில் சேர்த்தால் என்ன ஆகும், மதிப்பெண் குறையுமா, படிப்பே போய்விடுமா, உதவித்தொகை கொடுத்தவர்கள் என்ன சொல்வார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. முந்தைய அப்பாவாக இருந்தால், பெயர்களைப் புது நோட்டில் எடுத்து எழுதிக் கொடுத்திருப்பான். உன் பேராசிரியை பாராட்டிய அந்தப் பக்கம் அப்படியே நின்றிருக்கும், நீ அதை நம்பி நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு இருபத்திரண்டு பேரை உட்கார வைத்திருப்பாய். என்ன செய்வது என்பதை நீயே தீர்மானி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் என் பெயரைப் போட்டு எழுது. 'உள்ளூர் உதவியாளர் ஒருவர்' என்று எழுதாதே. அந்த வித்தை என்னோடு போகட்டும்.

நேற்றுக் காலை தனம் வந்து, அத்தை கூப்பிடுது என்றாள். போனேன். காசியம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாப்பா சுவத்துல ஒட்டி வச்சிருக்கறது பழைய காலு, இப்ப இருக்கறதும் அதுக்குத் தெரியட்டும், நீயே உன் கையால கோடு போடு என்றார். நீ விட்டுப்போன சார்ட்டில் ஒரு துண்டு எடுத்து வந்தேன். காலை ஊன்றக் கூடாது என்பதால் தனம் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் மண்டியிட்டு, தாளைப் பரீட்சை அட்டையில் வைத்துப் பாதத்துக்கு அடியில் பிடித்தபடி கட்டோடு சேர்த்துக் கோடு போட்டேன். என் கோணல் கோட்டை மன்னித்துக்கொள். இரண்டு விரல் இருந்த இடத்தில் பென்சில் நேராகப் போய்விட்டது.

உள்ளே என்ன வரையட்டும் என்று கேட்டேன். முதல் படத்தில் அவர் இரண்டு மாடும் பால் கேனும் மலையும் வரைந்திருந்தார் அல்லவா? நீ ஒன்னும் போடாத, பாப்பா வரும்போது நான் போட்டுக்கறேன் என்றார். எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்று வாயைத் திறந்து சொன்னேன். இந்தத் தடவை தலையாட்டவில்லை.

நல்லா இருக்கச் சொல்லு, கால்ல செருப்பு போட்டு நடக்கச் சொல்லு என்று அவர் உனக்குச் சொல்லியனுப்பியதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே என் ஆசியை எழுத எனக்கு இன்னும் யோக்கியதை இல்லை.

அப்பா,
இ. பலராமன்

இணைப்பு: வருகை நோட்டு ஒன்று, அட்டையுடன். பாதம் ஒன்று, இடது. உள்ளே இன்னும் எதுவும் வரையவில்லை.